நாலு நட்டு

நீங்க தமிழா? ஃபோன்ல பேசினது காதுல விழுந்துச்சு, அதான் கேட்டேன். கொஞ்சம் நகந்துக்கறீங்களா? ஐயோ, கால மிதிச்சிட்டேனா? மன்னிச்சிக்கோங்க. செருப்பு பெருசு, நடக்கறப்ப தடுக்குது. அக்கான்னு கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வயசாக்கூட இருக்கும்.

இந்தக் கர்ச்சீப்ப ஒரு நிமிஷம் பிடிங்கக்கா, டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக்கறேன். லேடீஸுக்கு ஃப்ரீதான், தெரியும். ஆதார் காட்டணுமாமே. என் ஆதாரு எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. பத்திரமா வெச்சிருக்காரு. நான் எங்கயாவது தொலைச்சிடுவேன்னு அவருக்குப் பயம். என்னா, கர்ச்சீப்பு கனமா இருக்கா? உள்ள நாலு நட்டுதான். சொல்றேன், சொல்றேன்.

மல்லேஸ்வரம் பதினைஞ்சாவது கிராஸ் வந்தா சொல்லுங்க. கண்டக்டர ரெண்டு தடவை கேட்டுட்டேன், மூணாவது தடவை கேட்டா திட்டுவான். நான் தனியா பஸ் ஏறி மூணு வருஷமாச்சு. அந்த மேம்பாலம் எப்ப கட்டினாங்க? மணி என்னாச்சு? ஒம்பதே காலா? பத்தரைக்குள்ள போயிடலாம்ல?

காலேஜுக்குப் போறேன். என் பொண்ணு மோனிஷாவுக்கு இன்னிக்கு பிராக்டிகல் பரீட்சை, செகண்ட் பி.யூ.சி., நம்ம ஊரு பன்னெண்டாவது. பொண்ணுக்குப் பரீட்சைன்னா அம்மா எதுக்குப் போறான்னு பாக்கறீங்க. நான்தான்க்கா சப்ஜெக்ட்டு.

சப்ஜெக்ட்டுன்னா பாடம்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். சைகாலஜில அப்படி இல்ல. எந்த ஆள வெச்சு சோதனை பண்றாங்களோ அந்த ஆளுக்குப் பேரு சப்ஜெக்ட்டு. சயின்ஸ் பசங்களுக்குத் தவளை குடுப்பாங்கல்ல, அந்தத் தவளை வேலை எனக்கு. ஜூன் மாசத்துலேருந்து நான் தவளையாத்தான் இருக்கேன்.

எல்லாம் இவளால வந்தது. பத்தாவதுல நல்ல மார்க்கு. காமர்ஸ் எடுடி, பேங்க்ல உக்காரலாம்னு அவங்கப்பா தலபாடா அடிச்சிக்கிட்டாரு. சரிப்பா, சரிப்பான்னு தலையாட்டிட்டு, ஃபாரத்துல ஆர்ட்ஸு, சைகாலஜின்னு எழுதிக் குடுத்துட்டா. நோட்டீஸ் போர்டுல பேரு வந்தப்பறம்தான் எங்களுக்கே தெரியும். அவரு பீனியாவுல மெஷின் ஷாப்புல ஃபிட்டரு. அவரு பேச்சுல நட்டு போல்ட்டு இல்லாம ஒரு வார்த்தை வராது. "நட்டு கழண்டவங்களுக்காக நட்டு கழண்டவங்களே படிக்கிற படிப்பு"ன்னாரு. ஒரு வாரம் சாப்பிடறப்பெல்லாம் அதையே சொன்னாரு. இவ வாயத் திறக்கல. அழுத்தக்காரி. யாரு மாதிரின்னே தெரியல, நான் அப்படி இல்ல.

அவங்க கிளாஸ்ல மொத்தம் பத்தொம்பது பொண்ணுங்க. ஜோடி ஜோடியா சேந்து, ஒருத்தி சோதனை பண்ணா இன்னொருத்தி சப்ஜெக்ட்டா உக்காரணும். பத்தொம்பதுல ஒண்ணு மிஞ்சும்ல? அந்த ஒண்ணு இவ. வீட்ல யாரையாவது வெச்சுப் பண்ணிட்டு வான்னு அவங்க ஷைலா மேடம் சொல்லிட்டாங்க. வீட்ல யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். நான் வீட்ல இல்லாம எங்க போகப் போறேன்?

மொதல்ல எல்லாம் வெளையாட்டு மாதிரிதான். ரெண்டு கோடு போட்டுக் காட்டுவா, எது பெருசுன்னு கேப்பா. இதுன்னேன். ஸ்கேல் வெச்சு அளந்து காட்டறா, ரெண்டும் ஒண்ணு. அளந்ததப் பாத்தப்பறமும் எனக்கு அது பெருசாத்தான் தெரிஞ்சுது. சிரிச்சோம்.

அதையெல்லாம் ரெக்கார்ட் நோட்டுல எழுதணும். ஒரு நாள் எடுத்துப் பாக்கறேன், என் பேரே இல்ல. எஸ்ஸுன்னு ஒரு எழுத்து. சப்ஜெக்ட்டு பேரு எழுதக் கூடாதாம், ரகசியமாம். எஸ், பெண், வயசு நாப்பத்தொண்ணு, பத்தாவது, வீட்டு வேலை. அவ்வளவுதான் நானு. "கார்மென்ட்ஸ்ல பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தேன்டி, என் கண்ணத் தாண்டி ஒரு பட்டன் தப்பாது, அதை எழுது"ன்னேன். "இப்ப இல்லையேம்மா"ன்னா. அதுவும் சரிதான். அவருதான் நிறுத்தினாரு, கஷ்டப்பட வேண்டாம்னு. எத்தன பேரு புருஷன் அப்படிச் சொல்லுவான்?

அப்பறம் வார்த்தை சோதனை. அவ ஒரு வார்த்தை சொல்லுவா, மனசுல மொதல்ல என்னா வருதோ நான் டக்குனு சொல்லணும். எத்தன செகண்டு ஆச்சுன்னு ஃபோன்ல பாத்து எழுதிப்பா. உப்புன்னா. கல்லுன்னேன். மழைன்னா. துணின்னேன். கதவுன்னா. சாவின்னேன். சாவின்னா. அவருன்னேன். நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு. அப்பறம் தெருன்னா.

ஒண்ணும் வரலக்கா. தெரு... தெரு... உக்காந்தே இருக்கேன். அவளும் ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கா. இருபத்திரெண்டு செகண்டு. மத்ததெல்லாம் ரெண்டு, மூணு செகண்டு. அடுப்புல குழம்பு இருந்துச்சுடி, அந்த ஞாபகத்துல விட்டுட்டேன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டா. அடுப்புல குழம்பு இல்லன்னு அவளுக்கும் தெரியும்.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு, இல்லன்னா தப்பா நெனச்சிப்பீங்க. அவரு வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. எங்க ஏரியா சரியில்ல. மூணு வருஷம் முன்னாடி பக்கத்துத் தெருவுல பட்டப் பகல்ல திருட்டு, அதுலேருந்து பூட்டறாரு. இல்ல, அதுக்கு முன்னாடியே பூட்டுவாரு, திருட்டுக்கப்பறம் பூட்டு மாட்டற கொண்டிய மாத்தினாரு. ஸ்க்ரூ போட்ட கொண்டிய வெளியிலேருந்து கழட்டிடுவாங்கன்னு, தடி போல்ட்டா நாலு போட்டு, ரெட்டைக் கதவு ரெண்டையும் துளைச்சு, நட்ட உள்பக்கம் முடுக்கிட்டாரு. எந்தத் திருடனாலயும் முடியாது. கைவேலைக்காரரு, பாத்துப் பாத்துப் பண்ணாரு. ஒரு மணிக்குச் சாப்பிட வருவாரு, திறப்பாரு. போறப்ப பூட்டுவாரு. திரும்ப ஆறரைக்கு.

வெளிய போகவே மாட்டேன்னு நெனச்சிடாதீங்க. கல்யாணம், காரியம், கோயிலு, எல்லாத்துக்கும் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவாரு. என் செருப்பு ஸ்கூட்டர் டிக்கியிலதான் இருக்கும். எங்க போனாலும் அவரோடதானே போறேன், அங்கயே கிடக்கட்டும்னு. இது கீழ் வீட்டு ரத்னம்மா செருப்பு. அதான் பெருசு.

தண்ணி அடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. தங்கமான மனுஷன். பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

என்னா பஸ்ஸு நிக்குது? யஷ்வந்த்பூரா? இங்க எப்பவும் இப்படித்தானா? மணி என்னா? சரி, சரி, இருக்கு.

அப்பறம் அந்த மேஸுன்னு ஒண்ணு. அட்டைல தீக்குச்சி ஒட்டி, சந்து சந்தா வழி பண்ணியிருந்தா. என் கண்ணக் கட்டிடுவா. விரலால தடவித் தடவி வெளிய வர்ற வழிய நானே கண்டுபிடிக்கணும். நடுவுல முட்டுச் சந்தெல்லாம் இருக்கும், அதுல போனா ஒரு தப்பு. மொத தடவை பதினேழு தப்பு. அப்பறம் பத்து. அப்பறம் நாலு. பரவால்லயே, நாப்பது வயசுக்கு மேல கூட மூளை வேலை செய்யுதுன்னு எனக்கே பெருமை. ஆனா ஒரே ஒரு முட்டுச் சந்து. கடைசில, வாசலுக்குப் பக்கத்துல. எத்தன தடவை பண்ணாலும் அதுல போய்த்தான் திரும்புவேன்.

"அம்மா, அது முட்டுச் சந்துன்னு உனக்குத் தெரியுது. உன் விரலு அங்க நிக்குது, ஒரு செகண்டு யோசிக்குது, அப்பறமும் உள்ள போகுது. ஏம்மா?"ன்னா.

"கண்ணக் கட்டிட்டு என்னைக் கேள்வி கேக்காதே"ன்னேன்.

ஒவ்வொரு சோதனை முடிஞ்சதும் ஒரு ரிப்போர்ட்டு உண்டு. இன்ட்ரோ ஏதோ சொல்லுவா, வாயில நுழையாது. சப்ஜெக்ட்டு தன் மனசுல என்னா ஓடுச்சுன்னு தன் வாயால சொல்லணும், இவ அப்படியே எழுதணும். நான் என்னா சொல்லுவேன்? "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு." பத்து சோதனைக்கும் அதேதான். ஷைலா மேடம் சிவப்பு இங்க்குல எழுதி அனுப்பிட்டாங்க, எல்லா ரிப்போர்ட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு, நீயே எழுதிக்கறியான்னு. எம்பொண்ணு அழுதா. மார்க்குக்காக அழறான்னு நெனச்சேன். "ஏதாவது சொல்லும்மா. என்ன வேணா சொல்லு"ன்னா. மனசுல ஒண்ணும் இல்லாதப்ப எதைடி சொல்றதுன்னு கேட்டேன்.

அப்பறம் நவம்பர்ல அது நடந்துச்சு.

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. மத்தியானம் ஒண்ணே முக்கால் இருக்கும், அவரு அப்பதான் சாப்பிட்டுட்டுப் பூட்டிட்டுப் போயிருக்காரு. படியில காலு சத்தம். கதவத் தட்டறா. "அம்மா, காய்ச்சலும்மா, லீவு சொல்லிட்டு வந்துட்டேன்." சாவி அவர்கிட்ட மட்டும்தான், எப்பவும் அவளும் அவரு வர்ற நேரத்துக்குதான் வருவா. ஃபோன் பண்ணேன். மெஷின் ஓடுதாம், விட்டுட்டு வர முடியாதாம். அவரையும் சொல்ல முடியாது, வேலைன்னா வேலைதானே. ரத்னம்மா மேல வந்து, எங்க வீட்ல படுத்துக்கோன்னு கூப்பிட்டாங்க. "எங்க வீடு இதுதான் ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு வாசல்லயே கதவுல சாஞ்சு உக்காந்துட்டா. நான் உள்பக்கம் கதவுல சாஞ்சு உக்காந்தேன். கதவுக்கு அடில மாத்திரை அட்டையத் தள்ளினேன். மாத்திரை போச்சு. தண்ணி எப்படிக்கா போகும்?

அவ பல்லு கடகடன்னு அடிக்கிற சத்தம் கதவு வழியா கேக்குது. நிமிந்து பாக்கறேன். தலைக்கு மேல நாலு நட்டு. என் பக்கம். உள்பக்கம்.

எழுந்து நின்னு ஒரு நட்டுல விரல வெச்சேன். லேசாத் திருப்பினேன். அசைஞ்சுது. மூணு வருஷம் கதவு அடிச்சு அடிச்சு லூசாகியிருக்கு. அசைஞ்சதும் கைய எடுத்துட்டேன். அவரு வந்து பாத்தா என்னா நெனப்பாரு? நம்பிக்கையாப் போட்டுட்டுப் போன மனுஷன். திரும்ப உக்காந்துட்டேன். நாலே முக்கால் மணி நேரம்க்கா. எம்பொண்ணு காய்ச்சல்ல வெளிய, நான் உள்ள, நடுவுல என் கையால கழட்டக்கூடிய நாலு நட்டு. பெத்தவளா நானு?

ஆறரைக்கு வந்தாரு. பதறிட்டாரு, அவளத் தூக்கிட்டு வந்து படுக்க வெச்சாரு, கண்ணுல தண்ணி. அப்பவே ஊசி போடக் கூட்டிட்டுப் போனாரு. போறப்ப பூட்டிட்டுதான் போனாரு, அது பழக்கதோஷம்.

அன்னிக்கு நட்டு அசைஞ்ச சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்னு நெனக்கறேன். நட்டு திரும்பினா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும். அதைப் பத்தி அவ கேள்வி எதுவும் கேக்கல. ஆனா அதுக்கப்பறம் முட்டுச் சந்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

இப்ப இந்தப் பரீட்சைக்கு வெளி காலேஜுலேருந்து ஆளு வராங்க. அவங்க முன்னாடி சோதனை பண்ணிக் காட்டணும், சப்ஜெக்ட்டு அவங்க முன்னாடியே ரிப்போர்ட்டு சொல்லணும். சப்ஜெக்ட்டு வரலன்னா பிராக்டிகல் மார்க்கு மொத்தமும் போச்சு, பாஸே ஆக முடியாது. அம்மாவ அனுப்புப்பான்னு அவர்கிட்ட இவ கேட்டா. "உங்கம்மா எதுக்கு? வேற ஆளே இல்லையா?"ன்னாரு. நியாயமான கேள்விதான்க்கா. ரத்னம்மா பொண்ணு சஹானா அதே காலேஜுல ஃபர்ஸ்ட் இயரு. நான் வந்து உக்கார்றேன் அக்கான்னு அந்தப் பொண்ணே வந்து சொல்லுச்சு. ஜூனியர் யாரு வந்தாலும் சரின்னு மேடமும் சொல்லியிருக்காங்களாம். இவ கேக்கணுமே! "எனக்கு எங்கம்மாதான் சப்ஜெக்ட்டு, பேரு குடுத்துட்டேன். அம்மா வரலன்னா சைபர் வாங்கிக்கறேன்"ன்னா. "வாங்கு, அப்பவாவது புத்தி வரட்டும்"னாரு அவரு. ரெண்டும் ஒரே பிடிவாதம். நடுவுல நானு.

காலைல அவரு எப்பவும் போல பூட்டினாரு. இவளக் காலேஜு பஸ்ஸுக்கு விட ஸ்கூட்டர எடுக்கக் கீழ போனாரு. இவ கதவுக்கு வெளிய நின்னு, "அம்மா, பத்தரை. என் நம்பரு பதினாலு"ன்னா. அவ்வளவுதான். வாம்மான்னு சொல்லல. சொல்லியிருந்தா, எப்படிடி வரதுன்னு திட்டியிருப்பேன். சொல்லவே இல்லையே.

கொஞ்ச நேரம் பாத்திரம் தேச்சேன். வேடிக்கை என்னான்னா, நான் எப்பவும் பதினோரு மணிக்குதான் சோறு வடிப்பேன். இன்னிக்கு ஏழு மணிக்கே சாம்பார், பொரியல் எல்லாம் பண்ணி மூடி வெச்சிருக்கேன். யாரு பண்ணச் சொன்னா? எனக்கே தெரியல.

மூணு நட்டு கையாலயே வந்துடுச்சு. நாலாவது துரு. அவரு டூல் பெட்டிலேருந்து கட்டிங் பிளேயர் எடுத்து, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பினேன். கரண்டிக் காம்பால போல்ட்டத் தள்ளினேன். கொண்டி, பூட்டு எல்லாம் சேந்து வெளிய டங்குன்னு விழுந்துச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும். ரத்னம்மா ஓடி வந்தாங்க. கீழ கிடந்த பூட்டப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, என் காலப் பாத்தாங்க. செருப்பக் கழட்டி என் முன்னாடி போட்டாங்க. வீட்ட நான் பாத்துக்கறேன், போன்னாங்க. நட்டு கழண்டவங்க படிப்புன்னாரே அவரு, கடைசில கழண்டது எனக்குத்தான். நாலும்.

பயப்படாதீங்க, கணக்கா இருக்கேன். பதினொண்ணரைக்கு முடிஞ்சிடும். பன்னெண்டரைக்கு வீட்ல இருப்பேன். போல்ட்ட உள்ள தள்ளி நட்ட முடுக்கிட்டா, ஒரு மணிக்கு வர்றவருக்குத் தெரியவே தெரியாது. கொண்டிய வெளியிலேருந்து ரத்னம்மா பிடிச்சிப்பாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. மோனிஷாவும் பாஸாயிடுவா.

ரிப்போர்ட்டா? அங்க என்னா சொல்லுவேன்னா? அதான், ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்துச்சுன்னு... ஆமா, உங்ககிட்ட மட்டும் இவ்வளவு சொல்லியிருக்கேன். ஏறினதுலேருந்து வாய் மூடல நான். பாவம், உங்க காது.

என்னாக்கா கேக்கறீங்க? சஹானா போதும்னா எதுக்கு என்னையே கேட்டான்னா? அதான் சொன்னேனே, பிடிவாதம். சின்ன வயசுலேருந்தே அப்படி... அவளுக்கு ஒண்ணு வேணும்னா...

...

இப்ப எத்தன செகண்டு ஆயிருக்கும்க்கா, நான் பேசாம உக்காந்து? இருபத்திரெண்டுக்கு மேல இருக்கும்ல?

எனக்குத் தோணவே இல்ல பாருங்க. பரீட்சைக்கு நான் வேணும்னுதான் நெனச்சேன். பாஸோ ஃபெயிலோன்னு தன் மார்க்க அப்படியே கதவுக்கு அந்தப் பக்கம் வெச்சிட்டு, நம்பரு பதினாலுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அழுத்தக்காரி. பதினேழு வயசுடி உனக்கு.

இதானா ஸ்டாப்பு? எறங்கறேன், எறங்கறேன், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இல்லக்கா, கர்ச்சீப்பு நீங்களே வெச்சிக்கோங்க. மறக்கல, தெரிஞ்சுதான் சொல்றேன். போற வழில எங்கயாவது வீசிடுங்க, எங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். கையில இருந்துச்சுன்னா பன்னெண்டரைக்குப் போய்த் திரும்ப முடுக்கிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.